பக்கத்து இருக்கைக்குக் கட்டணம்

நவம்பர் 25

காலையிலிருந்து மழை. பால்கனிக் கதவை யாரும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனேஸ்வரி வேலைக்குப் போனாள். யாரும் என்றால் நான்தான். மருமகள் அப்படித்தான் பேசுவாள். நேராகச் சொன்னால் மாமனார் மனம் கோணும் என்ற மரியாதை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண். நல்ல பெண்.

கோலாலம்பூருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. மகன் ஆல்வின் குடியிருப்பது இருபத்தேழாவது மாடி. இங்குள்ள மின்தூக்கியின் ஏற்பாடு விசித்திரமானது. கீழே இறங்க எதுவும் தேவையில்லை, பொத்தானை அழுத்தினால் போதும். மேலே ஏறத்தான் அட்டை வேண்டும். வீட்டில் இரண்டு அட்டைகள் உள்ளன. இருவரும் வேலைக்கு எடுத்துச் செல்கிறார்கள். மூன்றாவது அட்டை வாங்க அலுவலகத்தில் சொல்லியிருப்பதாக ஆல்வின் தினமும் சொல்கிறான். நான் இறங்கிப் பார்க்கவில்லை. இறங்கிவிட்டு ஏற முடியாமல் காவலாளியிடம் நின்று விளக்குவதை நினைத்தாலே நாக்கு வறள்கிறது.

இராச் சாப்பாட்டின்போது அவன் வேலையைப் பற்றிக் கேட்டேன். மலிவு விமான நிறுவனம் ஒன்றில் இருக்கிறான் என்று தெரியும். விமானத்தில் அவனுக்கு என்ன வேலை என்பது இத்தனை ஆண்டுகளாக எனக்குப் புரிந்ததில்லை.

"டிக்கெட்ல எங்களுக்கு ஒண்ணும் நிக்காதுப்பா. சில நாள் கைநட்டம். அதுக்கு மேல விக்கிறோம் பாத்தீங்களா, அதுலதான் சம்பளமே. அந்தப் பிரிவுதான் என் கையில இருக்கு."

"மேல என்னத்த விப்பீங்க?"

"பெட்டிக்கு இடம். ஜன்னல். கால் நீட்டுறது. சோறு. வரிசையில நிக்காம முதல்ல ஏறுறது. அங்க போய் எறங்குனா தங்குற ஓட்டல், வாடகைக் கார். அதுல எல்லாம் கமிஷன். அப்புறம் பயம்."

"பயத்தையா?"

"இன்சூரன்ஸ்ப்பா," என்றான். தனேஸ்வரி சிரித்தாள். நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.

நவம்பர் 27

இன்று ஆல்வின் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். எனக்கும் வேலை கொடுத்தான். டிக்கெட் வாங்கும் வலைத்தளத்தைப் புதிதாக மாற்றுகிறார்களாம். வயதானவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். "நெசமா காசு போகாதுப்பா. வெறும் சோதனை. நீங்க பாட்டுக்கு வாங்குங்க."

திரையின் முன் உட்கார்ந்தேன். அவன் பின்னால் நின்றுகொண்டான். தேர்வறையில் நான் மாணவர்களின் பின்னால் நிற்பேன். அது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

டிக்கெட்டின் விலை ஆச்சரியப்படும்படி குறைவு. அதைத் தேர்ந்தெடுத்ததும் கேள்விகள் தொடங்கின. பெட்டி கொண்டு செல்லவில்லையா? கையில் ஏழு கிலோ மட்டும் போதுமா? பெரும்பாலான பயணிகள் இருபது கிலோ வாங்குகிறார்கள். வாங்கினேன். அடுத்து இருக்கை. உங்களுடன் வருபவர் வேறு வரிசையில் அமர நேரிடலாம் என்று ஒரு படம். இரண்டு பொம்மைகள் வருத்தமாக ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. இருக்கை வாங்கினேன்.

"தனியாத்தானப்பா போறீங்க? யார் பிரியப் போறா?" என்று ஆல்வின் கேட்டான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

உணவு வாங்கினேன். முன்னால் ஏறும் உரிமை வாங்கினேன். காப்பீட்டுப் பக்கத்தில் வேண்டாம் என்ற சொல்லே இல்லை. வெளிறிய சாம்பல் எழுத்தில், "ஆபத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருந்தது. அப்படி ஒரு வாக்கியத்தில் கையெழுத்திட எனக்குத் துணிவில்லை. பளிச்சென்ற பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

கடைசியாக ஒன்று. பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராமல் இருக்க விரும்புகிறீர்களா என்றது. அதற்கும் ஒரு தொகை. அது ஆல்வினின் சொந்த யோசனையாம், நன்றாக விற்கிறதாம். எனக்கு அது கட்டணம் இல்லாமலே ஆறு ஆண்டுகளாகக் கிடைத்துவருகிறது. இதை அவனிடம் சொல்லவில்லை. அவன் அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவன் முகம் மாறிவிடும்.

முடிவில் தொகை, டிக்கெட் விலையைப்போல் மூன்று மடங்குக்குப் பக்கத்தில் வந்திருந்தது. ஆல்வின் என் தோளைத் தட்டினான். "சூப்பர்ப்பா. ஒண்ணுகூட விடல."

எனக்கு ஆடுதின்னாப்பாளைப் பூ நினைவுக்கு வந்தது. முதலாண்டு தாவரவியல் மாணவர்களுக்கு அதை வெட்டிக் காட்டுவேன். குழல் போன்ற பூ. உள்ளே மயிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். சிறு ஈ வழுக்கிக்கொண்டு சுலபமாக உள்ளே போய்விடும்; மயிர்கள் எதிர்த்து நிற்பதால் மேலே ஏறி வர முடியாது. பூ அதைக் கொல்வதில்லை, தின்பதும் இல்லை. தன் வேலை முடியும்வரை வைத்துக்கொள்ளும்.

நவம்பர் 28

மழை. அட்டை வரவில்லை.

நவம்பர் 30

ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் பாளையங்கோட்டையிலிருந்து சொர்ணம் டீச்சர் பேசினார்கள்.

அவர்களைப் பற்றி இதுவரை எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கள் அடுத்த தெரு; கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கணவர் எபனேசர் எனக்கு நல்ல பழக்கம், இப்போது அவர் உயிரோடு இல்லை. சனிக்கிழமைதோறும் பேக்கரியில் ஒரு ரொட்டி வாங்குகிறோம். முழு ரொட்டி ஒருவர் சாப்பிட்டுத் தீர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். ஆகவே பாதி அவர்களுக்கு, பாதி எனக்கு. பேக்கரிக்குப் போய் அவர்கள் வீட்டு வாசலில் ரொட்டியை அறுத்து முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான்.

"மக டிக்கெட் போட்டுட்டா சார். மெல்போர்னுக்கு. வார பதினொண்ணாம் தேதி."

"எத்தன நாளைக்கு டீச்சர்?"

"அதத்தான் சொல்ல மாட்டேங்கா. நீ வாம்மா, மத்தத அப்புறம் பேசலாம்ங்கா. வீட்ட வித்துரலாம்னு புரோக்கர்கிட்ட வேற பேசியிருக்கா."

நல்ல முடிவு என்றேன். வயதான காலத்தில் பிள்ளைகளோடு இருப்பதுதான் முறை என்றும், அங்கே மருத்துவ வசதி சிறப்பாக இருக்கும் என்றும் சொன்னேன்.

"நீங்க இல்லாம பாதி ரொட்டி வீணாத்தான் போகுது. காக்காவுக்குப் போடுதேன். அதுவும் இப்பல்லாம் தொட மாட்டேங்கு" என்றார்கள். பிறகு, "அதுக்குள்ள வந்துருவீங்களா சார்?" என்று கேட்டார்கள்.

இரவு ஆல்வினிடம் சொன்னேன், பத்தாம் தேதிக்கு முன்னால் ஊருக்குப் போக வேண்டும் என்று.

"ஏம்ப்பா அவசரம்? பதினேழு வரைக்கும் இருக்கலாம்னு பாஸ்போர்ட்ல குத்தியிருக்கான்ல?"

"ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"மாடித் தண்ணித் தொட்டி கழுவணும்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். தனேஸ்வரியும் பார்த்தாள். அவள் பார்த்த விதம் வேறு.

டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. ஊழியரின் பெற்றோருக்கு இலவசம். விமானத்தில் விற்காத இடம் இருந்தால் ஏறிக்கொள்ளலாம். "நான் அங்க வேல பாத்துக்கிட்டு எங்கப்பா காசு குடுத்து டிக்கெட் எடுத்தார்னா ஆபிஸ்ல சிரிப்பாங்கப்பா." அவன் சொல்வதும் நியாயம்தான்.

டிசம்பர் 2

விமான நிலையம் போனேன். காத்திருப்போர் பட்டியலில் நான் மூன்றாவது. கவுண்ட்டர் மூடும்வரை ஓரமாக நிற்க வேண்டும். இடம் இருந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லை. பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் கூட்டம். பெட்டியுடன் திரும்பிவந்தேன். ஆல்வின் காரில் வழிநெடுக உற்சாகமாகவே பேசினான். விமானம் நிரம்பியது அவனுக்கு நல்ல செய்தி. அதை மறைக்க முயன்றான், பாவம்.

பெட்டியைப் பிரிக்கவில்லை. பல் துலக்கியை மட்டும் வெளியே எடுத்தேன்.

டிசம்பர் 3

பெட்டி கதவருகே நிற்கிறது. தனேஸ்வரி அதைச் சுற்றிக்கொண்டு பெருக்கினாள்.

டிசம்பர் 4

இன்று மறுபடியும் போனேன். நிற்கும் இடம் பழகிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் எடை பார்க்கும் வரிசை முழுதும் தெரியும். ஒரு அம்மாள் பெட்டியைத் தரையில் திறந்து போட்டு, புடவைகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகத் தோளில் போர்த்திக்கொண்டார். கணவர் மிக்ஸியின் ஜாடியைக் கோட்டுக்குள் நுழைத்து வயிற்றோடு பிடித்துக்கொண்டார். மனிதர்களுக்கு எடை இல்லை, பைகளுக்குத்தான் எடை. அதிகமான எடைக்கு இங்கேயே பணம் கட்டினால், முன்கூட்டி வாங்குவதைவிடப் பல மடங்கு. இதையும் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். யார் என்பதைப் பற்றி நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கவுண்ட்டரில் இருந்தது தமிழ்ப் பெண். கடைசியில் என்னைக் கூப்பிட்டாள். மனம் துள்ளியது.

"சாரி அங்கிள். இன்னைக்கும் இல்ல."

திரையில் இரண்டு கட்டங்கள் வெள்ளையாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். கேட்கலாமா என்று நீண்ட நேரம் தயங்கிக் கேட்டேன்.

"அது காலிதான் அங்கிள். ஆனா வித்த காலி. பக்கத்துல ஆள் வேணாம்னு ரெண்டு பேரு காசு கட்டிட்டாங்க. அங்க யாரையும் உக்கார வைக்கக் கூடாது."

"விமானம் அந்த ரெண்டு இடத்தையும் காலியாத்தான் கொண்டுபோகுமா?"

"ஆமா லா. என்ன செய்ய?" அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது; பேச்சில் "லா" சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். "நீங்க ஸ்டாஃபோட அப்பாவா? உங்க மகன் எந்தப் பிரிவு?"

நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

டிசம்பர் 5

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். மறந்துவிடும் என்று பயந்து எழுதுகிறேன். மறக்காது என்றும் தெரிகிறது.

ஆல்வின் வீட்டிலிருந்து வேலை பார்த்தான். பதினோரு மணிக்கு அவனுக்குக் காப்பி கொண்டுபோனேன். கணினியில் அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. காதுக் கருவி போடாமல் எல்லோரும் பேசுவது கேட்கும்படி வைத்திருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. முதுகு என் பக்கம். பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் என் பெயர் வந்தது.

ஒரு பெண் கேட்டாள்: "இந்தப் பக்கத்தில் ஞானம் அங்கிள் எதை அழுத்துவார்?"

ஆல்வின் சொன்னான்: "பச்சையை. அவருக்கு 'நிச்சயமாகவா?' என்று ஒருமுறை கேட்டால் போதும். மறுக்கும் பொத்தானைத் தேடுவதற்கே கூச்சப்படுவார்."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வகுப்பில் ஒரு செல்ல உதாரணத்தைச் சொன்னால் வருமே, அந்தச் சிரிப்பு. பேச்சைக் கொஞ்சம் கேட்டதில் புரிந்தது. ஞானம் அங்கிள் அவர்களிடையே ஒரு அளவுகோல். எந்தப் பக்கத்தை மாற்றினாலும் ஞானம் அங்கிளை நினைத்து மாற்றுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் போலும். அது ஒரு வகையில் ஆறுதல்.

"ரொம்ப நல்ல மனுஷர்" என்றும் ஆல்வின் சொன்னான். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

என் முழுப் பெயர் ஞானசிகாமணி. சுருக்கியதைத் தவிர அவன் சொன்ன விவரங்களில் பிழை எதையும் நான் காணவில்லை.

காப்பியைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, தொட்டியில் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

டிசம்பர் 6

சனிக்கிழமை. இங்கே தனேஸ்வரி வாங்கும் ரொட்டி முன்பே அறுத்து வருகிறது.

டிசம்பர் 7

சொர்ணம் டீச்சர் மறுபடியும் பேசினார்கள். இந்த முறை குரலில் ஒரு பரபரப்பு.

"சார், டிக்கெட்ட இப்பதான் ஒழுங்காப் படிச்சுப் பாத்தேன். திருச்சில ஏறி நேரா அங்க போகல. உங்க ஊர்லதான் மாறணுமாம். கோலாலம்பூர்ல. மத்தியானம் வந்து எறங்கி ராத்திரிதான் அடுத்த பிளேனு. அஞ்சு மணி நேரம் அங்கதான் கெடப்பேன். நீங்க ஏர்போர்ட்டுக்கு வந்து ஒரு எட்டுப் பாக்க முடியுமா?"

என் ஊர் என்றார்கள். அது என் ஊர் இல்லை என்று சொல்ல நேரமில்லை.

"நீங்க வெளிய வருவீங்களா டீச்சர்?"

"ஐயோ, மக வெளிய காலே வைக்கக் கூடாதுன்னுட்டா. அப்புறம் திரும்ப உள்ள விடலன்னா? எனக்குப் பயமா இருக்கு சார்."

அவர்களுக்குப் பயம் என்றால் எனக்குப் புரியும்.

ஆல்வினிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், இடையில் விமானம் மாறுகிறவர்களை வெளியே இருப்பவர்கள் பார்க்க முடியுமா என்று.

"முடியாதுப்பா. உள்ள போறதுன்னா போர்டிங் பாஸ் வேணும்."

"காத்திருப்புல நிக்கிறவங்க?"

"கூப்பிட்டாத்தான பாஸ் குடுப்பாங்க. கூப்பிடலன்னா கவுண்ட்டரோட சரி. ஏன்ப்பா?"

"சும்மா."

இரண்டு முறை நான் நின்ற இடத்திலிருந்து கண்ணாடிக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது.

டிசம்பர் 8

அவர்கள் இருவரும் போனதும் கதவைத் தாழிட்டேன். ஏன் தாழிட்டேன் என்று தெரியவில்லை. மேலே யாரும் வரவே முடியாது.

ஆல்வின் எனக்காக வைத்துவிட்டுப் போயிருந்த பழைய கணினியில் அவர்கள் தளத்தைத் திறந்தேன். பதினொன்றாம் தேதி இரவு திருச்சி விமானத்தில் இடம் இருந்தது. விலை சோதனையில் பார்த்ததைப் போல் குறைவாக இல்லை, ஆனாலும் என்னால் முடிந்த விலை.

முதல் முறை பெட்டிப் பக்கத்தைத் தாண்டினேன். காப்பீட்டில் நின்றுவிட்டேன். ஆபத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த ஆபத்தை? மேலே ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது. பிறகு, உங்கள் நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்குங்கள் என்றது. விலையும் சற்று ஏறியிருந்தது.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். சன்னலில் நின்றேன். கீழே கார்கள் எறும்புகளைவிடச் சிறிதாகத் தெரிந்தன.

பிறகு ஒன்று தோன்றியது. முப்பத்தோரு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: செடியைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவதை விட்டுவிடு, வெளிறியிருப்பது, சிறியதாக இருப்பது, இலைக்கடியில் ஒதுங்கியிருப்பது, அதைத் தேடு. அதில்தான் அது எந்த இனம் என்று இருக்கும். இந்தப் பக்கங்களையும் அப்படிப் பார்த்தால் என்ன?

பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் இருந்தது. ஓரிடத்தில் வலது ஓரத்தில் குட்டி எழுத்தில். ஓரிடத்தில் பெட்டிக்குக் கீழே கோடு போலத் தேய்ந்து. ஓரிடத்தில் பக்கத்தை அடிவரை தள்ளினால்தான். கண்டுபிடித்ததும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்தினேன். யாருமில்லாத வீட்டில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பெட்டி? வேண்டாம். இருக்கை? வேண்டாம். நிச்சயமாகவா, நடு இருக்கை கிடைக்கக்கூடும்? கிடைக்கட்டும். உணவு? வேண்டாம். முன்னால் ஏற? வேண்டாம். காப்பீடு? ஆபத்தை நானே ஏற்றுக்கொண்டேன். அழுத்தினேன். திருச்சியில் ஓட்டல்? சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கை காலியாக இருக்க வேண்டுமா?

"வேண்டாம்" என்று இதைத்தான் சத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

வங்கி அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தும்படி ஆல்வின்தான் போன மாதம் செய்து கொடுத்திருந்தான். டிக்கெட் வந்துவிட்டது. பிறகு வெகுநேரம் நாற்காலியைவிட்டு எழவில்லை. தவறு செய்துவிட்டேனா?

டிசம்பர் 9

இராச் சாப்பாட்டில் சொன்னேன். சொல்வதற்கு முன் மூன்று முறை தண்ணீர் குடித்தேன்.

"டிக்கெட் எடுத்துட்டேன். பதினொண்ணாம் தேதி."

ஆல்வின் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "யாரு எடுத்துக் குடுத்தா?"

"நான்தான்."

நம்பாமல் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "என்னப்பா இது, ஒண்ணுமே இல்ல? பெட்டி?"

"வேண்டாம்."

"சீட்டு? சாப்பாடு? ஒண்ணுமேவா? எங்க பேஜ்ல எல்லாத்துக்கும் வேண்டாம்னு போட்டு வெளிய வர்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உங்க வயசுல யாருமே..." நிறுத்திவிட்டான்.

நான் இதைச் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"ஞானம் அங்கிள் மாறிட்டார்னு ஆபிஸ்ல சொல்லிரு."

அவன் முகம் மெல்லச் சிவந்தது. சிறு வயதில் பொய் சொல்லி அகப்பட்டால் அப்படித்தான் காதிலிருந்து தொடங்கும். தனேஸ்வரி ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது போலிருக்கிறது.

"அப்பா, அது வந்து... கிண்டல் இல்லப்பா."

"தெரியும். சாப்பிடு."

"ஓசியில கிடைக்கிறத விட்டுட்டு, இத்தன அவசரமா அங்க என்னதான்ப்பா இருக்கு?"

தண்ணீர்த் தொட்டி என்று மறுபடியும் சொல்ல வாய் வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"போகட்டும் லா," என்றாள் தனேஸ்வரி. "மாமா போகணும்னா போகட்டும். எல்லாத்துக்குமா காரணம் கேட்பீங்க?" அப்பளத்தை என் தட்டில் வைத்தாள்.

டிசம்பர் 10

தனேஸ்வரி என்னைக் குளியலறைத் தராசில் ஏற்றினாள், பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை. கழித்துப் பார்த்து, ஒரு வேட்டியையும் செருப்பையும் வெளியே எடுத்துப் போட்டாள். "பெட்டி இங்கயே இருக்கட்டும் மாமா. அடுத்த தடவ வரும்போது நீங்க கை வீசிக்கிட்டு வரலாம்."

மூன்றாவது அட்டை இன்று வந்தது. ஆல்வின் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

டிசம்பர் 11

விமானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரிசைக்கு முந்தியது, நடு இருக்கை. இருபுறமும் ஆள். முழங்கை வைக்க இடமில்லாததால் கையெழுத்து கோணலாக இருக்கிறது.

மதியம் ஆல்வின் கொண்டுவந்து விட்டான். காரைவிட்டு இறங்கும்போது, "அந்தப் பேர மாத்தச் சொல்லிட்டேன்ப்பா" என்றான்.

"என்ன பேரு வச்சீங்க?"

"இன்னும் வைக்கல." பையை என் தோளில் மாட்டிவிட்டு, வாரைச் சரிசெய்வதுபோல் சற்று நேரம் கையை அங்கேயே வைத்திருந்தான். "போய்ச் சேந்ததும் பேசுங்கப்பா. தொட்டிய நீங்களா ஏறிக் கழுவாதீங்க."

கண்ணாடிக் கதவைத் தாண்டினேன். சோதனை, முத்திரை, நீண்ட நடை. விமானம் மாறுகிறவர்கள் வந்து சேரும் கூடத்தில் தூணோரமாக நின்றேன். இரண்டு முறை இடம் கிடைக்காமல் நின்றவனுக்கு நிற்பதில் சிரமம் இல்லை.

திருச்சிக் கூட்டம் வந்தது. சொர்ணம் டீச்சரை முதலில் அடையாளம் தெரியவில்லை. புடவைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொன்று, முகமெல்லாம் வேர்வை.

"சார்!" என்றார்கள். "திருச்சில பைய நிறுத்துப் பாத்துட்டு ஒரு கிலோ கூடன்னுட்டான். எடுத்து மாட்டிக்கிட்டேன். வெந்து சாகுதேன். இதப் பிடிங்க." ஒரு ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். வாசலில் ரொட்டிக் கத்தியைப் பிடிக்கச் சொல்வார்களே, அதே மாதிரி.

உட்கார்ந்தோம். மகள் டிக்கெட் போட்ட கதையைச் சொன்னார்கள். "நெசமாவா நெசமாவான்னு கேட்டுட்டே இருந்துச்சாம். அவ பயந்துபோய் எல்லாத்தையும் வாங்கிட்டா. இன்சூரன்ஸ், சாப்பாடு, ஜன்னலு. எனக்கு எதுக்கு சார் ஜன்னலு? கண்ணத் தொறந்தாத்தான?" கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பன்னை எடுத்தார்கள். விமானத்தில் சாப்பாட்டோடு கொடுத்ததாம். பிய்த்துப் பாதியை என் பக்கம் நீட்டினார்கள். சாப்பிட்டேன். காய்ந்து போயிருந்தது.

"ஆமா, இங்க உள்ள வரணும்னா டிக்கெட் வேணுமாமே? எப்படி விட்டாங்க உங்கள?"

"டிக்கெட் எடுத்துட்டேன்."

"எங்க?"

"திருச்சிக்கு."

பன்னைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "நான் அங்க இருந்துதான வாரேன். நான் கிளம்பி வந்தப்புறம் அந்த ஊருக்கா போறீங்க?" சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டி, பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். "கணக்குத் தெரியாத ஆளு சார் நீங்க."

அதன்பின் பொதுவாகப் பேசினோம். கோயில் வர்ணம், பேக்கரிக்காரர் விலையேற்றியது. அவர்கள் விமானத்தின் அறிவிப்பு வந்ததும் எழுந்தார்கள். கைப்பையைத் துழாவி எதையோ எடுத்து மூடிய கையில் வைத்துக்கொண்டார்கள்.

"மக இத புரோக்கர்கிட்ட குடுத்துட்டு வரச் சொன்னா. குடுக்கல. அவளுக்கு இன்னும் தெரியாது. ஆறு மாசம் இருந்து பாப்பேன். ஒத்து வரலன்னா வந்துருவேன்." கையைத் திறந்தார்கள். அவர்கள் வீட்டு முன்கதவின் சாவி. "யார்கிட்ட குடுக்கன்னு தெரியாம கூடவே கொண்டாந்துட்டேன். வாரம் ஒருக்கா சன்னலத் தொறந்து வைக்கணும். கொல்லையில முல்லைக்குத் தண்ணி விடணும். சும்மா ஒரு சுமைதான். வேண்டாம்னா சொல்லிருங்க சார், தப்பா எடுக்க மாட்டேன்."

"வேணும்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

என் உள்ளங்கையில் வைத்தார்கள். சூடாக இருந்தது. வரிசையில் போய் நின்றபின் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வெட்டர் என்னிடமே இருப்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. நான் ஓடப் பார்த்தேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஆடுதின்னாப்பாளை விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இரண்டொரு நாளில் அந்த மயிர்கள் வாடிவிடும். ஈ வெளியே வரும். வரும்போது வெறுமனே வராது. உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டியிருக்கும். மாணவர்களிடம் எப்போதும் இதைக் கடைசியில்தான் சொல்வேன்.

விமானத்தில் ஏறும் வாசலில் பையைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன், அதன் கை எனக்குக் குட்டையாக இருந்தது. பை ஆறு கிலோ எண்ணூறு. அந்தப் பெண் தலையசைத்து அனுப்பினாள். சாவி சட்டைப் பையில் இருந்தது. அதை யாரும் எடை பார்க்கவில்லை.